சின்னவனுக்கு எந்தச் சட்டை?

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே ஒரு சொல்லில் பதில் தந்திருக்கலாம். சின்னவனுக்கு ஒன்பது வயது ஆகப்போகிறது, உதைபந்தாட்டச் சட்டை கேட்கிறான், மருமகன் ஆர்சனலின் சிவப்பைச் சொல்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மான்செஸ்டர் சிட்டியின் வான்நீலத்தைச் சொல்கிறார்கள், அப்பா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாய். ஏதாவது ஒன்றை வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விம்பிள்டன் கழகத்தின் சட்டையை வாங்கு. நீலமும் மஞ்சளும். உங்கள் லண்டன் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய மைதானம் அவர்களுடையது.

2023 ஒக்டோபரில் நான் வந்திருந்தபோது, எஃப்ரா வீதிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, தூறலோடு தூறலாக நீ என்னைப் பிளவ் லேன் மைதானத்துக்குக் கூட்டிப்போனாய். அன்று போட்டி எதுவும் இல்லை. நான் வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குளிர்கிறது அப்பா, போவோம் என்று நீ இரண்டு தடவை சொன்னாய். அன்று என் மனதில் ஓடியதை உனக்குச் சொல்லவில்லை.

1988 மே மாதத்தில் அந்தக் கழகம் லிவர்பூலை 1–0 என்று வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கிய செய்தியை நான் வானொலியில் கேட்டவன். சிறிய கழகம், பெரிய கழகத்தைச் சாய்த்துவிட்டது என்று அன்று முழுவதும் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூன்றே வருடங்களில், 1991இல், அவர்கள் தங்கள் மைதானத்தை விட்டு வேறொரு கழகத்தின் மைதானத்தில் ஒண்டிக்குடித்தனம் போனார்கள். 2002 மே மாதத்தில், கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. அடுத்த வருடம் அணி போயே விட்டது. பிறகு பெயரும் மாறியது, நிறமும் மாறியது.

ஊரில் மிஞ்சியவர்கள் ரசிகர்கள் மட்டும். அவர்கள் அந்த 2002ஆம் ஆண்டிலேயே விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்து, பழைய நீலத்தையும் மஞ்சளையும் போட்டுக்கொண்டு, இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் ஒன்பதாம் படிநிலையிலிருந்து தொடங்கினார்கள். 2011இல் நான்காம் படிநிலைக்கு, ஃபுட்போல் லீக் வரிசைக்குள் ஏறினார்கள். 2020 நவம்பரில், பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தாங்களே கட்டிய அரங்கில் முதற் போட்டியை ஆடினார்கள். பெருந்தொற்றுக் காலம் என்பதால், அந்த நாளுக்காகக் காத்துக் கிடந்த ரசிகர்கள் ஒருவரும் உள்ளே போக முடியவில்லை. அதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சொந்த வளவுக்குத் திரும்பி வர எத்தனை வருடம் பிடிக்கும், திரும்பும் நாளிலும் என்னென்ன தடை வரும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

கோயிலுக்குப் போய்விட்டு அந்தப் பக்கமாக நடந்து வரும் பிள்ளைக்கு ஆர்சனல் எதற்கு? மருமகன் கோபிக்க வேண்டாம். அவருக்குப் பிடித்ததை அவர் பார்க்கட்டும். சின்னவன் பிறந்த ஊர் அது. அவன் தன் ஊர்ச் சட்டையைப் போடட்டும்.

நிறத்தில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். உன் அம்மாவும் அதைத்தான் கேட்கிறாள். எங்கள் கழகத்துக்கு நிறம் வந்த கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1979இல் எனக்குப் பதினெட்டு வயது. ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். உடுத்த ஒரே மாதிரிச் சட்டை இல்லை. பதினொரு வெள்ளைப் பெனியன்களைச் சேர்த்து, கடைத்தெருவில் சாயப் பக்கெற்று வாங்கி, எங்கள் வீட்டுக் கொல்லையில் பெரிய அண்டாவில் உப்புப் போட்டுக் காய்ச்சினோம். நாங்கள் நினைத்தது குங்குமச் சிவப்பு. வந்தது மங்குஸ்தான் தோலின் நிறம். இரண்டாவது பாதியில் மழை கொட்டியது. சாயம் கரைந்து, கழுத்திலிருந்து கால்வரை வழிந்து, எதிரணிக்காரர்களின் வெள்ளைக் காற்சட்டையெல்லாம் எங்கள் நிறமாகிவிட்டது. தோற்றோம். ஆனால் அதன் பிறகு நாங்கள் வேறு நிறம் உடுத்தவே இல்லை. அடுத்த வருடம் காசு சேர்த்துத் தையற்காரரிடம் கொடுத்தபோதும், அந்த மங்குஸ்தான் நிறத் துணிதான் வேண்டும் என்று கடை கடையாகத் தேடி வாங்கினோம்.

பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். கழகத்தின் கொட்டில் போனது, பதிவேடு போனது, கிண்ணங்கள் போயின. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு நாடு. 2014இல் எங்கள் கோல் காப்பாளன் ஜெர்மனியிலிருந்து வந்தான். முப்பது வருடமாகப் பார்க்காதவன். தலை வழுக்கை, உடம்பு பருத்துவிட்டது. டச்சுக்குடாக் கரையில் மாலை நேரக் கூட்டத்தில் அவனை எப்படி அடையாளம் காண்பது என்று நான் தடுமாறவே இல்லை. அவன் மங்குஸ்தான் நிறச் சட்டை போட்டு வந்திருந்தான்.

அதனால்தான் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் கழகத்தில் நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக நீலம் உடுத்தியவர்கள். நீலப் பறவைகள் என்பதே அவர்களுடைய செல்லப் பெயர். 2012இல் உரிமையாளர் சட்டையைச் சிவப்பாக்கிவிட்டார். அடுத்த வருடமே அந்தச் சிவப்பில் அவர்கள் உதைபந்தாட்டத்தின் முதற் படிநிலையான பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். வென்றபோதும் ரசிகர்கள் நீலத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. வெற்றியைக் காட்டி அவர்களை மயக்க முடியவில்லை பார்த்தாயா? நான் அந்த ரசிகர்கள் பக்கம்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். நீ சென்ற முறை கொண்டுவந்த, யாழ்ப்பாணக் கிரிக்கெட் அணியான ஜப்னா கிங்ஸின் சட்டையை நான் ஏன் போடுவதில்லை என்று அம்மா உன்னிடம் குறைசொல்லியிருக்கிறாள். மடித்து அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த அணிமீது எனக்கு வருத்தம் இல்லை. 2020 டிசம்பரில் அம்பாந்தோட்டையில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பிள்ளை வியாஸ்காந்த் பந்தோடு ஓடி வந்தபோது நான் கண் கலங்கினேன். லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் முதல் ஐந்து தொடர்களில் நான்கு தடவை, 2020, 2021, 2022, 2024 என்று, அந்த அணிதான் வென்றது. ஒவ்வொரு தடவையும் மகிழ்ந்தேன். ஆனால் நான் யாழ்ப்பாணத்தான் இல்லை, பிள்ளை. தமிழன் என்றால் அந்தச் சட்டை போதும் என்று மற்றவர்கள் நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த லீக் தொடங்கியபோது ஐந்து ஊர்கள்: கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். கிழக்குக்கு ஒன்றும் இல்லை. 2022இல் தேசிய சுப்பர் லீக் என்ற உள்நாட்டுக் கிரிக்கெட் தொடரைத் தொடங்கியபோதும் அதே ஐந்து. யாழ்ப்பாணத்துக்காவது பெயர் கிடைத்தது. ஆனால் லங்கா பிரீமியர் லீக்கின் அந்த ஐந்து தொடர்களில் ஒரு போட்டிகூட யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை. பெயர்களையும் பார். கொழும்பு கிங்ஸ் ஸ்டார்ஸ் ஆகி, பிறகு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆனது. தம்புள்ளை ஐந்து வருடத்தில் வைக்கிங், ஜயன்ட்ஸ், ஆரா, சிக்ஸர்ஸ். காலி மூன்று பெயர். கண்டியை 2023இல் பி-லவ் கண்டி என்று அழைத்தார்கள். ஊர்ப் பெயருக்கு முன்னால் விளம்பரப் பெயர். ஒரு பிள்ளை சட்டை வாங்கி, அது உடம்புக்குச் சிறியதாகுமுன் அணியின் பெயர் செத்துவிடுகிறது. சென்னை அணியைப் பார். 2008இலிருந்து அதே மஞ்சள். 2018இல் போட்டிகளைப் புனேக்கு மாற்றியபோது ரசிகர்கள் அதே மஞ்சளில் ரயிலேறிப் போனார்கள். நம் கடைத்தெருவில் இன்றைக்கும் அந்தச் சட்டைதான் தொங்குகிறது.

கிழக்குக்கு ஒரே ஒரு தடவை அணி கிடைத்தது. 2012இல், இதற்கு முன்பு நடந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்ற வேறொரு தொடரில் ஏழு மாகாண அணிகள் ஆடின. நம்முடையது நாகெனஹிர நாகாஸ். நாகெனஹிர என்றால் சிங்களத்தில் கிழக்கு. அஞ்சலோ மத்யூஸ் தலைவர். கிழக்கு அணி கிழக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. எல்லாம் கொழும்பிலும் பல்லேகலையிலும்தான். அப்படியிருந்தும் இறுதிப் போட்டிக்கு வந்தோம். ஓகஸ்ட் 31, கொழும்பு பிரேமதாச அரங்கு. மழை பெய்தது. மழையால் தடைப்பட்ட போட்டிக்குப் போடும் டக்வர்த் லூயிஸ் கணக்கைப் போட்டு ஊவாவுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள்.

மகளே, ஓகஸ்ட் மாதத்தில் இங்கே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கச்சான் காற்று வீசும், வானத்தில் பஞ்சு அளவு மேகம் இருக்காது, கிணறு அடி காணும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் மலைநாட்டையும் நனைக்கும் அந்த மாதங்களில் காய்ந்து கிடப்பது இந்தக் கரைதான். லங்கா பிரீமியர் லீக்கின் 2023, 2024 தொடர்களை வைத்ததும் அதே ஜூலை, ஓகஸ்டில்தான். நாட்டில் போட்டி நடத்த அந்தக் காலத்தில் இதைவிடத் தோதான இடம் ஏது? மக்கெய்சர் அரங்கைத் திருத்தட்டும், அல்லது நிலாவெளிப் பக்கமாகப் புதிதாகக் கட்டட்டும். இன்றைக்கு நம் பிள்ளைகள் சர்வதேசப் போட்டி பார்ப்பதென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறித் தம்புள்ளைக்குப் போக வேண்டியிருக்கிறது.

திருகோணமலைக்கு ஓர் அணி வந்தால் அதற்குச் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று நான் முடிவே செய்துவிட்டேன். நீலம் வேண்டாம், அது நாட்டு அணியின் நிறம். எந்தக் கொடியின் நிறமும் எந்தக் கோயிலின் நிறமும் வேண்டாம். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளையும் கந்தளாயிலிருந்து வரும் சிங்களப் பிள்ளையும் உவர்மலைப் பிள்ளையும் கூச்சமில்லாமல் போட வேண்டும். அதனால் மான். கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் பஸ் நிலையத்திலும் திரியும் நம் புள்ளிமான். யார் வீட்டு வாசலுக்கும் அது பேதமில்லாமல் போகிறது. மான் தோலின் செம்பழுப்பு, கழுத்துப்பட்டைக்குக் காலை நேரத் துறைமுகத்தின் கருநீலம். வெள்ளைப் புள்ளிகள் முதுகில் மட்டும் இருக்க வேண்டும். முன்புறத்திலோ கையிலோ புள்ளி இருந்தால், வெள்ளைப் பந்து வீசுபவரின் கையை விட்டு வரும்போது துடுப்பாட்டக்காரருக்குப் பந்து தெரியாமல் கலந்துவிடும். மார்பில் ஊர்ப் பெயர் மூன்று மொழிகளின் எழுத்திலும்: திருகோணமலை, திரிகுணாமலய, டிரின்கோமலி. விளம்பரம் வேண்டுமென்றால் கைப்பக்கம் போதும்.

இத்துடன் படம் வரைந்து வைத்திருக்கிறேன். நிறம் தீட்டாமல் விட்டிருக்கிறேன், சின்னவன் தீட்டட்டும். எது மான் நிறம் என்று கேட்டால், கோட்டை வாசலில் அவன் வாழைப்பழம் கொடுத்த குட்டியின் படம் உன் தொலைபேசியில் இருக்கிறது, அதைக் காட்டு. அம்மா கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவோம். அந்தப் பொதியில் ஒரு மான் சட்டையையும் வைக்க நினைக்கிறேன். தையற்காரரிடம் பேசிவிட்டேன், துணியும் கிடைத்துவிட்டது. ஞாயிறு பேசும்போது அவனுடைய மார்பளவையும் தோளளவையும் மறக்காமல் சொல். வளரும் பிள்ளை, இரண்டு அங்குலம் கூட்டியே தைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா