நம் கைவினைக் குழுவின் 2024 ஆண்டறிக்கை

தலைவி அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அங்கேயாவது படியுங்கள்.

ஜனவரியில் பொங்கல் கோலம் போட்டோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நின்றோம். ஆகஸ்டில் மெழுகு வைத்துச் சாயமிடும் பாத்தேக் துண்டுத் துணிகளை ஒட்டிச் சுவர்ப்படம் செய்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தன.

இனி டின் விஷயம். பினாங்கு முழுக்க ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

பழைய மைலோ டின், பிஸ்கட் டின்களில் டிகூபாஜ் (காகிதப் படங்களை வெட்டி ஒட்டி மேலே வார்னிஷ் பூசும் வேலை) செய்து தீபாவளிக்கு முறுக்கு டின்னாக விற்கலாம் என்றது நான்தான். படத்தை வெட்டி ஒட்டுவதுதானே என்று பலர் நினைத்தார்கள். டின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளை பெயிண்ட் பூச வேண்டும், இல்லாவிட்டால் ரோஜாவுக்குப் பின்னால் மைலோ பச்சை எட்டிப் பார்க்கும். மூன்றடுக்குக் காகித நாப்கினில் பூ அச்சடித்த மேல் தாளை மட்டும் உரித்து ஒட்ட வேண்டும். ஒருவர் மூன்று தாளையும் சேர்த்து ஒட்டினார், மறுநாள் பூ மட்டும் தனியாகக் கழன்று வந்தது. வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த படம் பசை பட்டதும் கலங்கியது, லேசர் பிரிண்ட் நின்றது. காலண்டர் சாமி படம் ஒட்டலாமா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். டின் கடைசியில் எங்கே போகும் என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டோம்.

டின் வேலைக்கு 'வருகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் 14 பேர், வந்தவர்கள் மூன்று பேர். 18ஆம் நூற்றாண்டில் மேரி டெலானி என்ற ஆங்கிலேய அம்மா 70 வயதைத் தாண்டிய பிறகுதான் காகிதத்தை வெட்டிப் பூப்படங்கள் செய்யத் தொடங்கி, பத்தே ஆண்டில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்து முடித்தார், அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கண் தெரியவில்லை என்று வராத அக்காமாருக்காக இதைச் சொல்கிறேன்.

தீபாவளி அக்டோபர் 31. ஆள் இல்லாததால் கடைசிப் பூச்சு வார்னிஷ் 27ஆம் தேதி இரவுதான் முடிந்தது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, ஆனால் நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். அது தெரிந்தும் இடமில்லாமல் அடுக்கி வைத்தேன், அது என் தப்புதான். காலையில் பிரித்தால் தாமரை ஒரு டின்னில், அதன் இலை இன்னொரு டின்னில். கிழிந்த இடத்தில் பாத்தேக் துணியும் லேஸும் ஒட்டிச் சரிக்கட்டினோம். வாங்க வந்த ஒருவர் 'இந்த டிசைன் புதுசா இருக்கே' என்றார், நான் வாயைத் திறக்கவில்லை. 17 டின் விற்றது. செப்டம்பரிலேயே கை கூடியிருந்தால் 40ம் விற்றிருக்கும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சரி, கையில் கொஞ்சம் இருக்கிறது, பிரைமர் ரசீது ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சந்தா மாதம் 5 வெள்ளி (ரிங்கிட்). 26 பேரில் முழுதாகக் கட்டியவர்கள் 11 பேர். பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும்.

தலைவிக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், இரண்டு மாதம் வார்னிஷ் வாசனையில் சாப்பிட்ட என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை யார் கேட்டாலும் அலமாரிச் சாவியை இப்போதே தருகிறேன். யாரும் கேட்காவிட்டால் ஜூலையிலேயே தொடங்கிவிடலாம். துருப்பிடிக்காத, மூடி வளையாத டின்களை என் வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். சந்தாவை மட்டும் அதில் போட வேண்டாம், கையில் கொடுங்கள்.