டிப்பரின் பின்கட்டு குறித்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பழைய பத்துச் சக்கர டிப்பர் ஒன்றை வாங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். பாரம் ஏற்றினால் வண்டி இடப்பக்கம் சாய்வதாகவும், அந்தப் பக்கத்துப் பின்கட்டில், அதாவது எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பிளேட்டுகளின் அடுக்கில் மட்டும், இரண்டு பிளேட் கூடுதலாகச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து அவசரப்படாதே, காரணம் தெரியாமல் பிளேட் சேர்த்தால், குறை அப்படியே உள்ளே இருக்க, வண்டி காலியாக ஓடும்போது மறுபக்கம் சாயும்.

சென்ற மாதம் என் பட்டறைக்கும் இதே குறையோடு ஒரு வண்டி வந்தது. மண்ணைச் சுரண்டித் துடைத்துப் பார்த்தபோது, கட்டைச் சுற்றிப் பிடித்து இறுக்கும் யூ வடிவ போல்ட்டான யூ போல்ட்டை ஒட்டி மூன்றாவது பிளேட்டின் விளிம்பில் செந்நிறத் துருப்பொடி மெல்லிய கோடாகக் கசிந்திருந்தது. கட்டைப் பிரித்தால், பிளேட்டுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளைக்குக் குறுக்கே அந்தப் பிளேட் இரண்டு துண்டாகிக் கிடந்தது. மேலும் கீழும் இருந்த பிளேட்டுகள் அழுத்திப் பிடித்திருந்ததால் வெளியே தெரியவில்லை. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும் வரை கட்டின் நடுப்பகுதி வளைவதில்லை. தளர்ந்துவிட்டால் வளைவு முழுவதும் துளையுள்ள அந்த வலுக்குறைந்த இடத்திற்கே வந்து சேர்கிறது.

ஆகவே யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடு. பல ஆண்டுகளுக்கு முன் செலவைப் பார்த்துப் பழையவற்றையே நான் திரும்ப மாட்டினேன். சில வாரங்களில் அவை தளர்ந்து, சென்டர் போல்ட் அறுந்து, சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சில் நகர்ந்துவிட்டது. அந்த ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே இன்றுவரை எனக்கு ஆறுதல். வண்டியின் எடை கட்டின் மேல் இருக்கும்போது, குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக, தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசை (டார்க்) அளவுக்கு முறுக்கி, பாரத்தோடு சில நடை ஓடிய பின் மறுபடியும் முறுக்க வேண்டும்.

பின்கட்டு ஊசலாடும் நடுத்தண்டின் உறையான ட்ரன்னியன் புஷ்ஷையும் பார். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஜாக்கியில் தூக்கி, கடப்பாரையால் நெம்பினால் தேய்மானம் தெரியும். ஆக்சிலைச் சேசிஸோடு பிணைக்கும் தண்டுகளான டார்க் ராடுகளைச் சோதிக்க, உதவியாளர் ஒருவர் வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க, பாதுகாப்பாக விலகி நின்று ரப்பர் புஷ்களைக் கவனி. அவை கிழிந்திருந்தால் ஆக்சில் தன் இடத்தில் நிற்காது, டயர் ஒருபக்கமாகத் தேயும்.

பிளேட் கட்டுக்குப் பதிலாக, ரப்பர் கட்டிகள் எடையைத் தாங்கும் ரப்பர் பிளாக் அமைப்புக்கு மாற்றும் உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பிளேட்டோடு பிளேட் உரசும் தேய்மானம் அதில் இல்லை. பாரம் ஏற ஏற ரப்பர் இறுகுவதால், அளவாக அமைத்தால் காலி வண்டியும் அதிகம் குலுங்காது. ஆனால் உயரம் மாறினால் எஞ்சினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும் என்பதை மறவாதே. எந்த மாற்றம் செய்தாலும் ஆக்சிலின் உறையான ஹௌசிங், சக்கர நடுவிலுள்ள ஹப் பேரிங், பிரேக், சேசிஸ் ஆகியவற்றின் தாங்குதிறன் அதிகரிப்பதில்லை. எனவே கட்டு வலுவானது என்பதற்காக ஒரு டன்கூட அதிகம் ஏற்றாதே.

என் பெரிய கவலை கொட்டும் நேரத்தைப் பற்றியதே. தொட்டி உயர்ந்திருக்கையில் பாரத்தின் மையம் மிக மேலே போய்விடுகிறது. அப்போது ஈரமண் ஒருபக்கம் ஒட்டிக்கொண்டால், சாய்ந்த கட்டுள்ள வண்டி கவிழ்ந்துவிடக்கூடும். வேலை முடியும் வரை அதில் பாரம் ஏற்றாதே.

கட்டைப் பிரிக்கும் முன், ஆக்சில் நேராக நிற்கிறதா என்று அறிய, சேசிஸில் இருபுறமும் ஒத்த இரண்டு புள்ளிகளிலிருந்து பின்சக்கர ஹப்புகள் வரை அளந்து, அந்த அளவுகளை எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்