குழந்தை எழுதியதை முதலில் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரனின் கட்டுரை நோட்டைப் போன வாரம் புரட்டிப் பார்த்தேன். ‘நான் சென்ற சுற்றுலா’ என்று ஒரு கட்டுரை. மாமல்லபுரம் போனதாகவும், கடற்கரைக் கோயிலின் அழகைக் கண்டு வியந்ததாகவும், மாலையில் மகிழ்வுடன் இல்லம் திரும்பியதாகவும் எழுதியிருந்தான். பத்துக்குப் பத்து. அவன் மாமல்லபுரத்தைப் பார்த்ததே இல்லை. மே மாதம் எங்களோடு ஏற்காட்டுக்குத்தான் வந்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவன் பதினாலாவதில் வாந்தி எடுத்தான். மேலே போனதும் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியதை இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறான். “அதை ஏன்டா எழுதல?” என்று கேட்டேன். “அதெல்லாம் கட்டுரையில வராது அம்மாயி. மிஸ் போர்டுல எழுதிப் போட்டதைத்தான் எழுதணும்” என்றான்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே தவற்றைப் பல வருடம் நானும் செய்தவள். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை மாதம், காப்பிப் பழம் பறிக்கும் காலம். மூன்றாம் வகுப்புக்குப் ‘பசு’ கட்டுரை கொடுத்திருந்தேன். எல்லா நோட்டிலும் பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு. ஒரே ஒரு சிறுமி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

“நேத்து காட்டுமாடு வந்துச்சு. அம்மா பலம் பரிக்க போய்ட்டாங்க. நா கதவ சாத்திட்டு தம்பி வாய பொத்திகிட்டேன். அது மூச்சு விட்டது கேட்டுச்சு.”

அந்த நாலு வரியில் ஒன்பது இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். பத்துக்கு மூன்று மதிப்பெண். தப்பான சொற்களைப் பத்துப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். எழுதினாள். அடுத்த வாரமே மற்றவர்களைப் போல அழகாகப் பசுவையும் எழுதிவிட்டாள். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவளுடைய வாழ்க்கையிலிருந்து ஒரு வரிகூட என் மேசைக்கு வரவில்லை. ஒரு எட்டு வயதுப் பிள்ளை, கதவுக்கு வெளியே காட்டுமாடு மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு தம்பியின் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள். “பயந்துட்டியா கண்ணு?” என்றுகூட நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அந்த ஒன்பது வட்டங்களைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ‘நேத்து’, ‘வந்துச்சு’, ‘கேட்டுச்சு’ எல்லாம் பிழையே அல்ல. வீட்டில் பேசும் தமிழை அப்படியே எழுதியிருக்கிறாள். எழுத்துத் தமிழ் என்பது நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வந்து கற்கும் இன்னொரு நடை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடிக் குழந்தைகளுக்கு அந்தத் தூரம் இன்னும் அதிகம். ‘பறிக்க’ என்பதைப் ‘பரிக்க’ என்று எழுதியது அவள் காது சரியாக வேலை செய்வதற்கு அடையாளம். நம் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் இன்று வேறுபாடு கேட்பதில்லை. பழத்தைப் ‘பலம்’ என்று எழுதுவதும் இந்த வகைதான். ழகரத்தைச் சரியாகச் சொல்கிற பெரியவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்? ஒற்று விட்டுப் போனதைச் சொல்லவே வேண்டாம். பட்டம் பெற்றவர்களே தடுமாறும் இடம் அது. ஆக, அன்றைக்கு நான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது ‘ழ’வும் ‘ற’வும் மட்டும்தான். அதையும் அந்தக் கதையைப் படித்து முடித்த பிறகு.

பணியின் கடைசி ஆண்டுகளில்தான் வேறு மாதிரி செய்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆளுக்கு ஒரு வெற்றுத்தாள். தலைப்பு கிடையாது, மதிப்பெண் கிடையாது. இந்த வாரம் பார்த்ததை எழுது, எழுத வராவிட்டால் படம் வரைந்து கீழே ஒரு சொல் எழுது, அவ்வளவுதான். தாளின் அடியில் சிவப்பு மைக்குப் பதில் நீல மையில் நான் ஒரு கேள்வி எழுதுவேன். ‘மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் எவ்வளவு உயரம் ஏறியிருந்தது?’ ‘உங்கள் பாட்டி அதற்கு என்ன சொன்னார்?’ பதிலை எழுதத் தாளைத் திரும்ப வாங்குவான் பையன். அங்கேதான் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் பிறந்தன. எல்லாத் தாளிலும் அடிக்கடி வரும் தவறு ஒன்றை மட்டும் எடுத்துத் திங்கட்கிழமை கரும்பலகையில் நடத்துவேன். ஒரு வாரம் ‘ர-ற’, இன்னொரு வாரம் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு. தாள்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்தேன். ஜூனில் ஒன்றரை வரி எழுதியவன் பிப்ரவரியில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் அப்பாவிடம் காட்டினேன். ரேங்க் கார்டில் அவருக்கு அது தெரிந்திருக்காது.

கல்வித்துறை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012-13-இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பருவம் முழுக்க வகுப்பில் செய்வதைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். அந்த நாற்பதில் குழந்தையின் சொந்த எழுத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. எங்கள் பள்ளியில் அது பெற்றோர் செய்து கொடுத்தனுப்பிய சார்ட்டுகளாகப் போய் முடிந்தது. 2022-இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து நடத்தச் சொல்வது நல்ல ஏற்பாடு, அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்த ஆய்வை எடுத்தாலும் எழுத்து விட்டுப் போகிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும், 2005 முதல் நடக்கும் ஏசர் (ASER) ஆய்வு முதன்மையாகப் பார்ப்பது வாசிப்பையும் கணக்கையும். மத்திய அரசின் தேசிய அடைவுத் தேர்வில் (NAS) சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதை அளக்கிறோமோ அதைத்தானே பள்ளியில் நடத்துவார்கள்? எழுத்தை எண்ணாக்குவது கடினம் என்பதால் அதைக் கையெழுத்தாகவும் எழுத்துப் பிழையாகவும் சுருக்கிவிட்டோம்.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. ஐந்து வகுப்பையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். செயலியில் பதிவேற்றும் வேலை வேறு. ஆனாலும் சின்னப் பள்ளியில் இருபது தாளைப் படிக்க அரை மணி நேரம் போதும். என் அனுபவத்தில் நேரத்தைவிடப் பெரிய தடை, பார்வைக்கு வருகிற அதிகாரி பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையைத் தேடுவதுதான். திருத்தாத பக்கத்தைக் கண்டால் டீச்சர் வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். கொலுசுப் பட்டறைக்குப் போய்வரும் பெற்றோரும் ‘ரைட்’ போட்ட நோட்டைத்தான் நம்புகிறார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பருவத் தேர்விலும் பாடநூலில் விடை இல்லாத ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம்; ‘சொல்ல வந்தது புரிகிறது, அடுத்து இதைக் கற்க வேண்டும்’ என்று ஆசிரியர் இரண்டு வரி எழுதினால் போதும். வருடத்துக்கு மூன்று தாளாவது பிள்ளையோடு அடுத்த வகுப்புக்குப் போகட்டும். மேற்பார்வைக்கு வருபவர்கள் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் சிறுவர் பக்கத்தில் பெரியவர்கள் எழுதிய கதைகளுக்கு நடுவே, வாரம் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதை, ‘வந்துச்சு’வையும் ‘போச்சு’வையும் திருத்தாமல், அது எழுதியபடியே அச்சிடுவீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.