சத்தமில்லாத வண்டுகள்

உப்புவெளி, திருகோணமலை

அன்பு மச்சான் சிவா,

கடிதம் கிடைத்தது. அக்காவின் மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, மற்றபடி எல்லோரும் சுகம். மகன் சின்ன ட்ரோன்கள் பற்றி மேற்படிப்புப் படிக்கப் போகிறானாம், இராணுவத்தில் இதற்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு மச்சான். அதனால்தான் எனக்கு நித்திரை குழம்புகிறது.

இலையான் அளவில் வேவு பார்க்கும் என்கிறார்களே, அது இப்போதைக்கு வராது. உங்கள் நோர்வேயில் செய்த பிளாக் ஹோர்னெட் என்ற குட்டி வேவு ட்ரோனையே பார். பிரித்தானியப் படை ஆப்கானிஸ்தானில் மதிலுக்கு அப்பால் எட்டிப்பார்க்கக் கொண்டுபோனபோது அது 20 கிராம்கூட இல்லை. மூன்றாவது மொடல் 33 கிராம், நான்காவது 70. பற்றறியும் காற்றும் சிறுக்க விடுவதில்லை. ஹாவர்ட் பல்கலைக்கழகம் 2013 இல் பறக்கவிட்ட ரோபோ தேனீக்குக் கம்பி வழியாகத்தான் மின்சாரம் போனது. போன மாதம் நிலாவெளியில் ஒரு சுற்றுலாப் பெடியன் கச்சான் காற்றுக்குள் ட்ரோன் விட்டான். கடலுக்கு மேலே சுகமாகப் போனது, கரைக்குத் திரும்ப முடியவில்லை. மூக்கைக் குத்திக்கொண்டு, சாய்ந்தபடி, ஒரே இடத்தில் நின்று கத்தியது. கடைசியில் தண்ணீருக்குள் விழுந்தது.

பயம் கூட்டமாக வருவதிலும், தானே முடிவெடுப்பதிலும்தான். 2016 இல் அமெரிக்கா மூன்று போர் விமானங்களிலிருந்து 103 பேர்டிக்ஸ் ட்ரோன்களைக் கொட்டியது. அவை தங்களுக்குள் தகவல் பரிமாறி அணி சேர்ந்தன. உக்ரைனில் ட்ரோனை இயக்குகிற சிக்னலை எதிராளி குழப்புவதால், கடைசி நேரத்தில் ட்ரோனே இலக்கைப் பிடித்துக்கொள்கிற மாதிரிச் செய்கிறார்கள். சிக்னல் தேவையில்லை என்றால் இடையில் நிறுத்தவும் ஆளில்லை. இதற்கு 2026க்குள் சட்டம் வேண்டும் என்று ஐ.நா. செயலாளர் நாயகமும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் 2023 இல் சேர்ந்து கேட்டார்கள். நான் அந்தப் பக்கம்தான்.

யுத்த நேரம் சம்பூரில் ஆளில்லா வேவு விமானம், நாங்கள் வண்டு என்போமே, அது சுற்றத் தொடங்கினால் அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பங்கருக்குள் தள்ளுவா. இரைச்சல் கேட்டதால் ஓட நேரம் கிடைத்தது. இந்தச் சின்னதுகள் கொஞ்சம் உயரத்தில் நின்றாலே காதுக்கு எட்டாது.

படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இடிபாட்டுக்குள் ஆள் தேடவும் இதே கமராதான் உதவும். ஆனால் ஆய்வுக்கு யார் காசு தருகிறார்கள் என்று சேர முன்னமே கேட்கச் சொல். பதில் வந்ததும் எனக்கு எழுது. அப்புறம், கலியாணம் ஆவணியில், நீ கட்டாயம் வரவேண்டும். டிக்கெற்றை இப்போதே போட்டுவிடு.

அன்புடன்,
குமார்