லேப்டாப்பில் போர்ட்டைக் கழற்றி மாட்ட வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை காந்திபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தரப்படும் என்று அறிவித்ததிலிருந்து, அதைப் பற்றி உங்கள் நாளிதழில் வருவதை விடாமல் படித்து வருகிறேன். எந்த ப்ராசசர், எவ்வளவு ரேம், திரை எத்தனை அங்குலம் என்றுதான் பேச்சு போகிறது. எங்களைப் போன்ற கடைகளுக்கு லேப்டாப்பை முதலில் கொண்டுவந்து சேர்ப்பது ஓரத்தில் இருக்கும் ஓட்டைகள், அதாவது போர்ட்கள். அவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

“அண்ணா, சார்ஜ் ஏறலை. ஒயரை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சா மட்டும் ஏறுது” என்று மாணவர்கள் வருவார்கள். திறந்து பார்த்தால் யுஎஸ்பி-சி போர்ட் மதர்போர்டிலேயே, அதாவது லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகையிலேயே, சால்டர் செய்யப்பட்டிருக்கும். யாரோ ஒயரில் கால் தடுக்கியிருப்பார்கள், அல்லது மெத்தையில் வைத்து வேலை செய்யும்போது பிளக் மடங்கியிருக்கும். அந்தச் சின்ன வாய்க்குள் 24 பின்கள். ஃப்ளக்ஸ் பசை போட்டு ஹாட் ஏர் மெஷினின் சூடான காற்றைக் காட்டினால் சிக்னல் பின்கள் சீக்கிரம் இளகிவிடும். நான்கு மூலையில் இருக்கும் கிரவுண்ட் கால்கள் மட்டும் இளகாது. போர்டின் உள் அடுக்கில் இருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு நெம்பினால் பின் ஒட்டியிருக்கும் செம்புப் பொட்டு, அதாவது பேட், பெயர்ந்து வரும், அப்புறம் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் முடி மாதிரி ஒயரை வைத்து ஜம்பர் போட வேண்டும். போர்ட்டின் விலை மிகக் குறைவு. அதை மாற்றும் வேலைக்குத்தான் ஒரு மதியம் போகிறது. சில இடங்களில் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பு நிலைமை இப்படி இல்லை. உருண்டைப் பின் சார்ஜர் இருந்த காலத்தில் பல மாடல்களில் அந்த ஜாக் ஒரு சின்ன ஒயரோடு தனியாக வரும். இரண்டு ஸ்குருவைக் கழற்றி, பிளக்கை உருவி, புதிதை மாட்டினால் முடிந்தது. யுஎஸ்பி-சி வந்து நன்மைகள் நிறைய. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பதை நானும் வரவேற்கிறேன். ஆனால் அதோடு சார்ஜ் போர்ட் பல மாடல்களில் மதர்போர்டுக்குக் குடியேறிவிட்டது. இது நல்லதல்ல.

இதற்கு மாற்று இருக்கிறது, கற்பனை இல்லை. அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021-லிருந்து விற்கும் 13 அங்குல லேப்டாப்பில், ஒரு ஹெட்போன் ஜாக்கைத் தவிர, வெளியே போர்ட்டே கிடையாது என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு குழிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 3 சென்டிமீட்டர் நீள அகலத்தில், 7 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு கார்டு செருகிக்கொள்கிறது. கார்டின் உள்முனையில் யுஎஸ்பி-சி பிளக், நடுவில் சின்ன போர்டு, வெளிமுனையில் நமக்கு வேண்டிய போர்ட்: யுஎஸ்பி-ஏ, ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், மெமரி கார்டு, நெட்வொர்க், ஹெட்போன், கூடுதல் ஸ்டோரேஜ். அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு வெளியே தள்ளினால் கழன்று வந்துவிடும். நான்கில் எதில் வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்ததைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எனக்குப் பிடித்தது அழகோ வேகமோ இல்லை, இழுப்பு எங்கே போகிறது என்பதுதான். ஒயரில் கால் தடுக்கினால் அடி விழுவது கார்டின் மீது. கார்டைச் சுற்றி லேப்டாப்பின் உடம்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் போர்ட்டுக்கு அந்த ஆட்டம் பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை. கார்டு கெட்டால் கார்டை மாற்றிக்கொள்ளலாம். அதோடு, கார்டின் அளவும் வரைபடமும் வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் புதுக் கார்டு செய்யலாம்.

அப்படியென்றால் நம் ஊருக்கு என்ன கார்டு வேண்டும்? கடைக்கு வருகிறவர்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சார்ஜ் கார்டு. யுஎஸ்பி-சி பின் வரிசையில், பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்களில் 20 வோல்ட் வரை வரக்கூடிய பவர் பின்னுக்குப் பக்கத்திலேயே சார்ஜரோடு பேசும் சிசி பின் இருக்கிறது. வியர்வை, பஞ்சுத் தூசி, உடைந்த உலோகத் துணுக்கு, எது உள்ளே போனாலும் அந்த 20 வோல்ட் பக்கத்துப் பின்னில் தாவக்கூடும். தாவினால் மதர்போர்டில் இருக்கும் பவர் கன்ட்ரோலர் சிப் அத்தோடு போய்விடலாம். திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகங்களிலிருந்து வரும் லேப்டாப்களைத் திறந்தால் போர்ட் வாயில் பஞ்சு அடைந்திருக்கும், பல் குத்தும் குச்சியால்தான் எடுக்கிறேன். இந்தத் தாவலைத் தடுக்கத் தனி பாதுகாப்புச் சிப்கள் இருக்கின்றன. அதையும் ஒரு ஃப்யூஸையும் கார்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் எரிவது கார்டோடு நிற்கும். எனக்கு ஒரே ஒரு கார்டுதான் செய்து தருவார்கள் என்றால் இதைத்தான் கேட்பேன்.

அடுத்தது சீரியல் போர்ட். கோவையில் லேத் பட்டறையிலும் சிஎன்சி மெஷினிலும் எடை மேடையிலும் ஆர்எஸ்-232 என்ற இந்தப் பழைய ஒன்பது பின் இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. லேப்டாப்பில் அது மறைந்து பல காலம் ஆகிவிட்டது. பட்டறைக்காரர்கள் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் மலிவு கன்வெர்ட்டர் ஒயரை வாங்குகிறார்கள். அதற்குள் இருக்கும் பழைய சிப்பையோ போலிச் சிப்பையோ விண்டோஸ் 11-ன் டிரைவர் ஏற்காமல் போக, மெஷின் நிற்கிறது, ஆள் என் கடைக்கு ஓடி வருகிறார். ஒன்பது பின் சாக்கெட் சுமார் 12 மில்லிமீட்டர் உயரம், கார்டுக்குள் அடங்காது. அதனால் நல்ல கன்வெர்ட்டர் சிப்பைக் கார்டில் வைத்து, வெளியே ஹெட்போன் ஜாக் மாதிரி ஒரு துளை விட்டு, அதிலிருந்து ஒரு சாண் ஒயரில் ஒன்பது பின்னை எடுக்கலாம். பழைய ப்ரொஜெக்டருக்கு விஜிஏ கேட்கும் ஆசிரியர்களுக்கும் இதே தடைதான், அந்தச் சாக்கெட்டும் அதே அளவு. அங்கேயும் ஒரு சாண் ஒயர் தொங்கவிடத்தான் வேண்டும்.

மூன்றாவது ஆடிட்டர் அலுவலகங்களுக்கானது. கம்பெனிகளின் ஜிஎஸ்டி, டெண்டர், கம்பெனி ரிட்டர்ன் போன்றவற்றுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். அது பென் டிரைவ் போல இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பையில் போடும்போது முதலில் வளைவது அதுதான், தன்னோடு யுஎஸ்பி போர்ட்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். டோக்கனின் சிப் மிகச் சிறியது, கார்டுக்குள் தாராளமாக அடங்கும். மேசையை விட்டு எழும்போது கார்டை உருவி பீரோவில் வைத்துப் பூட்டலாம். இ-சேவை மையங்களிலும், ஊர் ஊராகப் போய் வங்கிப் பணம் கொடுக்கும் முகவர்களிடமும் இருக்கும் கைரேகைக் கருவிக்கும் இது பொருந்தும். ஆதார் ஆணையத்தின் சான்று பெற்ற கருவியாக இருக்க வேண்டும் என்பதால் அதை நிறுவனங்கள்தான் செய்ய முடியும். ஆனால் இடம் தயாராக இருந்தால் அவர்கள் வருவார்கள்.

வயர்லெஸ் மவுஸுக்கான குட்டி ரிசீவரைத் தொலைப்பவர்கள் ஏராளம். அதை உள்ளே பதித்து மூடிக்கொள்ளும் கார்டு ஒன்று வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். யுஎஸ்பி 3-ன் வேகக் கம்பிகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும், பக்கத்தில் இருக்கும் மவுஸ் தடுமாறும். அதனால் இந்தக் கார்டில் பழைய யுஎஸ்பி 2 கம்பிகளை மட்டும் இழுத்தால் போதும், மவுஸுக்கு அது தாராளம். நெட்வொர்க் கார்டு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் சாக்கெட் கார்டை விடத் தடிமனானது என்பதால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் தாடை திறப்பதுபோலக் கீழே விரியும் சாக்கெட் வருகிறதல்லவா, அதை இங்கே கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

குறையும் உண்டு. எல்லாக் குழியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2023-ல் ஏஎம்டி ப்ராசசரோடு வந்த 13 அங்குல மாடலில் ஒரு குழியில் மானிட்டர் கார்டு போட்டால் படம் வராது. இது வாங்குகிறவரைக் குழப்பும், குழியின் மேலேயே குறி போட்டுவிட வேண்டும். அதைவிடப் பெரிய குறை, இது ஒரே நிறுவனத்தின் அளவாக இருப்பது. 1990-களில் பிசி கார்டு என்று ஒன்று இருந்தது, மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 85.6-க்கு 54 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஏடிஎம் கார்டு அளவு. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே தரத்தை ஒப்புக்கொண்டதால் ஒருவர் செய்த மோடம் இன்னொருவர் லேப்டாப்பில் வேலை செய்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? உள்ளே இருக்கும் இணைப்பு யுஎஸ்பி-சி என்று ஆகிவிட்ட பிறகு மீதி இருப்பது ஒரு பிளாஸ்டிக் கூட்டின் நீள அகலம்தான்.

நிறுவனங்கள் தாமாக ஒப்புக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் தருவார்கள். லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கும் தமிழக அரசைவிடப் பெரிய வாடிக்கையாளர் யார் இருக்கிறார்கள்? அதனால் என் கோரிக்கை இது. தமிழக அரசின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான எல்காட் வெளியிடும் டெண்டர் நிபந்தனைகளில், சார்ஜ் போர்ட்டும் அதிகம் புழங்கும் ஒரு யுஎஸ்பி போர்ட்டும் மதர்போர்டில் இருக்கக் கூடாது, தனிச் சின்ன போர்டிலோ கழற்றி மாட்டும் கார்டிலோ இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தப் பாகம் ஐந்து ஆண்டுகளுக்கு மாவட்டத் தலைநகரங்களில் விலைக்குக் கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு வரி. முதலில் முழு கார்டு முறை வராவிட்டாலும் பரவாயில்லை, சின்ன போர்டில் ஆரம்பிக்கலாம்.

மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் பாகமே மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்திருந்தால் பழுதுபார்க்கும் உரிமை எங்கள் மேசை வரை வந்து சேராது.

கார்டு செய்ய வெளிநாட்டுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. பிளாஸ்டிக் மோல்டிங்குக்குக் கோவையில் அச்சு செய்து தரும் டூல் ரூம்கள் இருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு சீரியல் கார்டையோ மவுஸ் கார்டையோ எடுத்துச் செய்யலாம். பட்டறையில் நாளைக்கே பயன்படும்.

டெண்டரின் அடுத்த நிபந்தனைகளை எழுதும் முன், சர்வீஸ் மேசையில் உட்காருகிற எங்களில் சிலரையும் எல்காட் அதிகாரிகள் அழைத்துக் கேட்க வேண்டும். போர்ட் பெயர்ந்த போர்டுகளை ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் அவற்றோடு சென்னைக்கு வரத் தயார்.

இப்படிக்கு,
ஒரு லேப்டாப் சர்வீஸ் டெக்னீஷியன்,
காந்திபுரம், கோவை.