ஒரு பின் உடைந்ததற்கு மதர்போர்டை மாற்றாதே

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது என்றும், செயலியைக் குளிர்விக்கும் கூலரைப் பிடித்திருக்கும் பின் ஒன்று உடைந்திருப்பதைப் பார்த்த பழுதுபார்ப்பவர், எல்லாப் பாகங்களும் அமரும் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார் என்றும், நீயும் அதற்குச் சம்மதித்துவிட்டாய் என்றும் வாத்தியார் தொலைபேசியில் சொன்னார். மெஸ் சாம்பாரில் உப்பில்லை என்று ஒரு மணி நேரம் வழக்காடிய ஆள் இதற்கு மட்டும் எப்படி வாய் திறக்காமல் இருந்தாய்? அது நம் நண்பன் பாய் தன் கையால் பூட்டிக் கொடுத்த கடைசிப் பெட்டி. பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை முழுவதும் படித்துவிடு.

எங்கள் வீட்டிலும் அண்மையில் இதைப் போலவே ஒன்று நடந்தது. மகளின் கணினியில் இருப்பது, செயலி அமரும் இடமான சாக்கெட்டில், ஏஎம்4 வகையில், பொருத்திய ரைசன் 5 3600 செயலி. அவள் வீடியோ எடிட்டிங்கைத் தொடங்கிய சிறிது நேரத்தில் வெப்பம் அந்தச் செயலியின் உச்சவரம்பான 95 டிகிரியைத் தொடும், விசிறி அலறும், வேகம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சாக்கெட்டின் இரு பக்கமும் திருகியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளில் ஆளுக்கொரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கூலரின் கம்பிக் கொக்கி அவற்றில்தான் மாட்டும். அதில் ஒரு மூக்கின் அடிப்பகுதி வெளுத்து, விரிசல் விட்டு, மேல்நோக்கி வளைந்திருந்தது. கூலரைக் கழற்றியதும், அதற்கும் செயலிக்கும் நடுவே தடவியிருந்த தெர்மல் பேஸ்ட்டின் தடம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது: ஒரு விளிம்பில் உலோகம் தெரியும் அளவுக்கு மெலிந்தும், எதிர் விளிம்பில் பிதுக்கியபடியே தடித்தும் கிடந்தது. அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள கூலர் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் பக்கவாட்டில் தொங்குகிறது. பிடிமானம் ஓரிடத்தில் தளர்ந்தாலும் செயலியின் மேல்தகட்டோடு அது சமமாகப் படிவதில்லை. மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை.

விசாரித்த முதல் கடையில், சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடலாம் என்றார்கள்; அது முடியாவிட்டால் கையில் கிடைக்கும் எம்3 என்ற 3 மில்லிமீட்டர் திருகுகளைக் கொண்டு கூலரை நேரே முறுக்கிவிடலாம் என்றார்கள். சண்முகம், இந்த இரண்டையும் யார் சொன்னாலும் கேட்காதே. எப்போதும் இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை, அதுவும் சூட்டுக்குப் பக்கத்தில், பசை தாங்கி நிற்காது. போர்டின் பின்புறம் திருகுகளைத் தாங்கும் தகடான ஏஎம்4 பேக்பிளேட்டின் மரையோ அங்குலக் கணக்கிலான 6-32 அளவு. எம்3 திருகு அதில் லொடலொடவென்று ஆடும். எம்3.5 பருமனில் ஏறக்குறைய ஒத்துப்போவதால் ஓரிரு சுற்று இறங்கும், பிறகு சிக்கும்; பலம் கொடுத்து முறுக்கினால் மரை போய்விடும். நல்லவேளையாக சென்னை ரிச்சி தெருவில் திருகுகளோடு ஒரு ஜோடி பிராக்கெட் கிடைத்தது. விலை, மதர்போர்டின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய தொகையே அல்ல. வாங்கும்போது கவனிக்க வேண்டியது துளைகளின் இடைவெளியை மட்டுமே: ஏஎம்4க்கு 54க்கு 90 மில்லிமீட்டர், பழைய ஏஎம்3க்கு 48க்கு 96. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். உன்னுடையது ஐ3-10100, எல்ஜிஏ 1200 சாக்கெட். அதன் கூலரில் திருகே கிடையாது, நான்கு மூலையிலும் புஷ்பின்தான். ஒவ்வொரு பின்னிலும் இரண்டு பாகங்கள் உண்டு. பிளந்த கால்களுள்ள வெள்ளை உறை போர்டின் துளைக்குள் இறங்கும். கறுப்பு ஆணியை மேலிருந்து அழுத்தும்போது அது அந்தக் கால்களுக்கு நடுவே புகுந்து அவற்றை அகல விரித்து, போர்டின் பின்புறம் பிடித்துக்கொள்ளச் செய்யும். வெள்ளைக் காலில் ஒன்று முறிந்தாலே அந்த மூலை தூக்கிக்கொள்ளும். அந்தச் செயலியின் வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கும்போது அது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். நீ சொல்லும் அறிகுறி எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: கணினி நன்றாக ஆறியபின் இயக்கி, விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் சென்று செயலியின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிரு. வேலை எதுவும் செய்யாமலே அந்த எண் நிற்காமல் 80, 90 என்று ஏறினால் கூலர் ஒட்டவில்லை என்று பொருள். மதர்போர்டைக் குற்றம் சொல்வதற்கு முன் இதை அந்த மனிதர் உன் கண் முன்னால் செய்துகாட்டட்டும்.

உடைந்த பின்னை மாற்றுவது எளிது. நான்கு பின்களும் ஒரே செட்டாகத் தனியே கிடைக்கின்றன. கறுப்புத் தலையை அதிலுள்ள அம்புக்குறியின் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் பிடி விடும். பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். ஒன்று உடைந்திருந்தாலும் நான்கையும் மாற்றிவிடு, மற்ற மூன்றுக்கும் அதே வயதுதான். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். பின்களை மூலைவிட்டமாக, எதிரெதிரே அழுத்தச் சொல். பாய் எந்தப் பெட்டியிலும் ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனதே இல்லை, நினைவிருக்கிறதா? அப்போது அவனை எவ்வளவு அவசரப்படுத்தினோம்! அந்தப் பொறுமையில்தான் அவன் பூட்டியவை எல்லாம் இத்தனை வருடம் ஓடின. நான்கும் ‘டிக்’ என்று அமர்ந்தபின் போர்டின் பின்புறத்தைப் பார்த்து, நான்கு கறுப்பு முனைகளும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று உறுதிசெய்ய வேண்டும்.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், பின்னே வேண்டாம் என்பேன். உன் பெட்டி தரையில் இருக்கிறது, கூட்டும்போதெல்லாம் நகர்த்துகிறார்கள். பேக்பிளேட்டும் ஸ்பிரிங் திருகுகளும் உள்ள சிறிய கூலர் ஒன்றை வாங்கிவிட்டால் பிறகு தொல்லை இருக்காது. அழுத்தத்தை ஸ்பிரிங் தீர்மானிப்பதால், முறுக்குகிற கையின் பலம் போர்டை வளைக்காது. 75 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள துளைகளுக்கானதாக அது இருக்க வேண்டும். 2009இல் வந்த 1156 முதல் உன் 1200 வரை அதே அளவுதான். 12ஆம் தலைமுறைக்கான 1700 சாக்கெட்டில் அது 78 ஆகிவிட்டது, ஆகவே அதற்கு மட்டும் என்று எழுதியிருப்பதை வாங்கிவிடாதே. பேக்பிளேட்டை வைப்பதற்காக மதர்போர்டை வெளியே எடுக்க வேண்டுமா என்பது உன் கேபினெட்டைப் பொறுத்தது. செயலிக்கு நேர் பின்னால் தகட்டில் பெரிய சதுரத் திறப்பு வெட்டியிருந்தால் எடுக்க வேண்டியதில்லை.

எதற்கும் முன்னால் கடைக் கணக்குகளை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள். பிறகு, கணினியை அணைத்து மின்இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்து இன்றே எனக்கு அனுப்பு. பின் போதுமா, கூலரே வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். எதுவானாலும் சனிக்கிழமை ரிச்சி தெருவில் நானே வாங்கி கூரியரில் போட்டுவிடுகிறேன். அதுவரை, பயாஸ் சோதனைக்குத் தவிர, அந்தப் பெட்டியை இயக்காதே, அந்த மனிதருக்கு முன்பணமும் கொடுக்காதே. வாத்தியாரின் கண் அறுவை பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தங்கச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை