தறி வீட்டில் சமையல் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு வேலையைக் குடும்பத்தில் பகிர்ந்துகொள்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் வந்தவர்கள் எல்லாம் காலையில் ஆபீஸ் கிளம்பும் பெண்கள். எங்கள் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் தறி நெய்பவர்களுக்கு வீடேதான் வேலை செய்யும் இடம். அந்த வீடுகளைப் பற்றியும் பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கணவர் தறியில் உட்கார்ந்தால், ஊடைக்கு, அதாவது துணியின் குறுக்கே ஓடும் நூலுக்கு, தார் (நூலைச் சுற்றும் சிறு குழல்) சுற்றித் தருவது பெரும்பாலும் மனைவிதான். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே ராட்டையில் கை ஓடிக்கொண்டிருக்கும். சேலைக்கு இவ்வளவு என்று வரும் கூலியில் அந்த உழைப்பும் அடக்கம். தனியாக அவர் கைக்கு ஒன்றும் வராது. அதனால் ஊர்க் கண்ணுக்கு அவர் வீட்டில் சும்மா இருப்பவர். சும்மா இருப்பவர்தானே சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும்! சில வீடுகளில் பெண்ணும் தறி நெய்கிறார். அப்போதும் மதியம் எழுந்துபோய்ச் சோறு வடிப்பது அவர்தான்.

ஆண்கள் எதுவுமே செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். உழவர் சந்தைக்குப் போகிறார்கள், ரேஷன் வாங்குகிறார்கள், குழாயில் தண்ணீர் வராத நாளில் வண்டியில் குடத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறார்கள். ஆனால் இதெல்லாம் வாசலுக்கு வெளியே, நாலு பேர் பார்க்க நடக்கிற வேலை. வாங்கி வந்த கீரையை ஆய்ந்து, அலசி, கடைந்து, கடைசியில் சட்டியைத் தேய்த்துக் கவிழ்ப்பது வரை உள்ளே நடப்பதில் அவர்கள் கை படுவதில்லை.

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாக வந்தது. இந்த 88கூட வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. ஒன்றுமே செய்யாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை மனதார வரவேற்கிறேன். பெண்ணின் உழைப்பை அரசு மதித்தது பெரிய விஷயம். ஆனால் வேலையை வீட்டில் உள்ளவர்கள்தான் பங்கு போட்டாக வேண்டும். 2011இல் அறிவித்த திட்டத்தில் இலவச மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன, ஆட்டுக்கல் ஓரம்போனது. மாவு அரைப்பவர் மட்டும் மாறவில்லை.

'சொன்னால் செய்கிறேன்' என்பது போதாது. இரவுப் பாத்திரம் கணவருடையது என்றால், தினமும் யாரும் கேட்காமலே அவர் தேய்க்க வேண்டும்; சோப்பு தீர்ந்ததைப் பார்த்து வாங்கி வைப்பதும் அவரே. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைக்கக் கற்றுத்தரும் வீட்டில் மகனுக்குச் சோறு வடிக்கவும் கற்றுத்தரலாம்.

தறி வீடுகளுக்கும் கொலுசு செய்யும் வீடுகளுக்கும் வந்து, பெண்களிடம் நேரில் கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் பேச நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.